புல்பி: பாறைக்குள் வளர்ந்த ஜிப்சம்

ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில் உள்ள புல்பிக்கு நான் போனது ஒரே ஒரு ஜியோடைப் பார்க்கத்தான். மினா ரிக்கா என்ற பழைய சுரங்கத்துக்குள், எட்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பாறைப் பொந்து. சுவரெல்லாம் ஜிப்சம் படிகங்கள். 1999-இல் கண்டுபிடித்தார்கள். 2019 முதல் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள்.

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வழிகாட்டியின் பின்னால் நடந்தோம். இரும்பும் ஈயமும் வெள்ளியும் வெட்டியெடுத்த குகைவழிகள். அவையும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் என் மனம் ஜியோடிலேயே இருந்தது.

அதன் வாய் குறுகல். ஒவ்வொருவராகக் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததும் பேச்சு வரவில்லை. பெரிய படிகங்கள் இரண்டு மீட்டர் வரை நீள்கின்றன. எல்லாம் தண்ணீர் போல அத்தனை தெளிவு. படிகத்தின் ஊடாகப் பின்னாலிருக்கும் பாறையே தெரிகிறது.

இவ்வளவு பெரிதாக எப்படி வளர்ந்தன? ஜிப்சம் கரைந்திருந்த நீர், அதாவது கரைசல், கெட்டியாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறானது. கரைசல் அளவுக்கு மீறித் தெவிட்டினால், அதாவது நீர் தாங்குவதைவிட மிக அதிகமாகச் சரக்கு கரைந்திருந்தால், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான கருக்கள், படிகத்தின் முதல் துகள்கள், தோன்றும். இருக்கிற சரக்கை எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள, கிடைப்பது வெறும் பொடி. தெவிட்டு நிலையைக் கொஞ்சமே தாண்டி நின்றால்தான் புதுக் கருக்கள் அரிதாகி, இருக்கும் சில படிகங்கள் நிதானமாக வளரும். நிதானமாக வளர்வதால் அழுக்கும் நீர்க்குமிழியும் உள்ளே அதிகம் சிக்குவதில்லை. அந்தத் தெளிவு அப்படி வந்ததுதான்.

புல்பியில் அந்தச் சரக்கைக் கொடுத்தது அன்ஹைட்ரைட், அதாவது நீர் சேராத கால்சியம் சல்பேட். நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட்தான் ஜிப்சம். 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் நீரில் ஜிப்சத்தைவிட அதுதான் கூடுதலாகக் கரையும். அது மெல்லக் கரையக் கரைய, ஜிப்சம் மெல்லப் படிந்தது. அப்புறம் வெப்பநிலையின் சிறு ஏற்றத்தாழ்வுகள்: சூடேறும்போது சிறிய படிகங்கள் கரைந்து போகும், ஆறும்போது அந்தச் சரக்கு பெரியவற்றின் மேல் படியும். இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. படிகங்களின் வயது குறைந்தது 60,000 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உள்ளே இறங்க விடாததில் எனக்கு முழுச் சம்மதம். ஜிப்சத்தை நகத்தாலேயே கீறிவிடலாம். மூச்சுக்காற்றின் ஈரம் படிந்தாலும் மேற்பரப்பு கரையத் தொடங்கும். போகிறவர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். எட்டிப் பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான், அதைக் கேமராவுக்கே கொடுத்துவிடாதீர்கள்.