பேணி மாறிய இரவு

மூன்று நாட்களாக மாமி என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. "மருமகனுக்குத் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேள்" என்று மகளிடம் சொல்கிறார். நான் இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் தண்ணீர் குடிக்கும் ஒரு பேணியால் வந்த வினை.

சின்னவளுக்கு ஏழு மாதம், பல் முளைக்கும் நேரம். கீழ் முரசு வீங்கி, வாய்நீர் வடிந்து வடிந்து நாடி முழுக்கச் சிவந்து கிடக்கிறது. பகலில் என் கைபேசி, செருப்பு, மாமாவின் கைத்தடி என்று அகப்பட்டதையெல்லாம் கடிப்பவள், இரவு இரண்டு மணிக்குக் கச்சேரியைத் தொடங்குகிறாள். எங்கள் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்க நிலவு வேண்டும், தோணி வேண்டும், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பாட்டுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. வாவி தாண்டிப் படுவான்கரை வரை கேட்கும்.

நானோ வந்த மாப்பிள்ளை. அடுத்தடுத்த நான்கு வளவுகளில் மாமியும் அவருடைய மூன்று சகோதரிகளும். வேலிக்கு வேலி நுழைந்து வரப் பொட்டு. பிள்ளை ஒரு மூச்சு அழுதால் நான்கு வைத்தியங்கள் உள்ளே வந்துவிடும். பெரிய மாமி வசம்பு வளையலோடு வந்தார். சின்ன மாமி றஸ்க் கொடுத்தார். உடைந்து தொண்டையில் சிக்கும் என்று பறித்து நானே தின்றேன். நடு மாமியின் மகன் கட்டாரிலிருந்து முரசை மரக்கச் செய்யும் களிம்பு அனுப்பியிருந்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பென்சோகெயின். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைப் பூச வேண்டாம் என்று 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்ததை எடுத்துச் சொன்னேன். "அமெரிக்காக்காரன் பல்லோடுதான் பிறக்கிறானோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாமியின் வைத்தியம் தேன். ஒரு வயதாகும்வரை தேன் நாக்கில் படக்கூடாது என்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "மீன்பாடும் தேனாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தேன் இல்லையாம்" என்று மாமி அன்றைக்கே பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதிப் பாதி பேணியோடு திரும்பியது.

மிஸ் சொன்ன வழி எளிமையானது. கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் முரசை மெல்லத் தடவ வேண்டும். கடிக்கும் வளையத்தைப் பிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுக்கலாம், உறையவிடக் கூடாது. காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பல்லின் மேல் பழி போடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்குள் முதல் பல்லுக்கு அவிக்கும் பல்லுக்கொழுக்கட்டைக்கு மாவு கூட இடித்தாகிவிட்டது, பல்லைத்தான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு வளையத்தை எடுத்து, கொதித்தாறிய தண்ணீர் இருந்த பேணியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு ஏணையை ஆட்டப் போனேன். திரும்பி வந்தபோது விளக்கைப் போடவில்லை. போட்டால் மூத்தவன் எழும்புவான். எழும்பினால் விடியும்வரை டைனோசர் கதை சொல்ல வேண்டும். இருட்டில் தடவிப் பேணிக்குள் கையை விட்டேன். வளையம் சற்றுக் கனத்தது. ஒரு பக்கம் மேடும் பள்ளமுமாக இருந்தது. முரசுக்கு இதமாக எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று செய்தவனை மனதுக்குள் மெச்சியபடியே பிள்ளையின் வாயருகே கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து மனைவி கைபேசி வெளிச்சத்தை அடித்தாள்.

மாமியின் மேல்வரிசை. ஒற்றைப் பல்லுக்காக அழுத பிள்ளைக்கு ஒரு வரிசையையே நீட்டிக்கொண்டு நின்றேன்.

மனைவி போட்ட சத்தத்தில் நான்கு வளவுகளிலும் விளக்கு எரிந்தது. மாமி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளையின் வாயருகே கொண்டுபோனதை அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். பல்லைப் பேணியில் போட்டுவிட்டு நேரே குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவினேனே, அதைத்தான் மன்னிக்கவில்லை. காலையில் தயிர்க்காரர் சட்டியை இறக்கிவைக்கும் முன்பே, "பல் பத்திரமா, தம்பி?" என்று விசாரித்தார்.

நேற்று இரவு மூன்று மணிக்குத் திடுக்கிட்டு விழித்தேன். அழுகைச் சத்தம் இல்லை. ஏணை வெறுமையாக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், விறாந்தையில் மாமி சின்னவளைத் தோளில் போட்டபடி மெல்ல நடந்துகொண்டிருந்தார். அவள் மாமியின் விரல் மொளியை முரசால் நெரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். மாமியும் சிரித்தார். இரண்டு வாயிலும் ஒரு பல்கூட இல்லை.

"எனக்குப் பல் போனபோது என்னை ஒருவரும் தோளில் போடவில்லை" என்றார், பிள்ளையிடம் சொல்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போய்ப் படுங்கள், மருமகன். பேணி இரண்டும் மேசையில்தான் இருக்கின்றன. ஒன்றிலும் கை வைக்காதீர்கள்."