நியூ ஜெர்சி டாக்டர் எழுதியது டெக்சாஸில் செல்லுமா?

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது நியூ ஜெர்சியில், அண்ணன் ஊரில். அண்ணன் வீட்டில் படுக்கையறைகள் எல்லாம் மாடியில். விமானத்தில் போகலாம் என்று ஆர்த்தோ டாக்டர் சொன்னதும், டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதாக முடிவாயிற்று. வீட்டுக்கே வந்து பிசிக்கல் தெரபி கொடுக்கும்படி அந்த டாக்டரே ஆர்டரும் எழுதிக் கொடுத்தார்.

இங்கே வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சிகிச்சை தரும் ஒரு ஹோம் ஹெல்த் ஏஜென்சிக்கு அதை ஃபேக்ஸ் செய்தால், "டாக்டருக்கு டெக்சாஸ் லைசென்ஸ் இல்லையே, நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அதே டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டுக்கு இங்குள்ள ஃபார்மசியில் மறுபேச்சில்லாமல் மருந்து கொடுத்திருந்தார்கள். மாத்திரைக்குச் செல்லும் கையெழுத்து நடைப் பயிற்சிக்குச் செல்லாதா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

காரணம், இதில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பணம் கொடுப்பது மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. நோயாளி வீட்டை விட்டு வெளியே போவதே பெரும்பாடு என்ற நிலையில் இருக்க வேண்டும், மெடிகேரில் பதிவான டாக்டரோ, அனுமதி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் (மருத்துவம் பார்க்கும் உயர்நிலை நர்ஸ்) போன்றவரோ சான்று தர வேண்டும், சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய 90 நாளுக்குள்ளோ தொடங்கிய 30 நாளுக்குள்ளோ நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் நிபந்தனை. ஆனால் ஏஜென்சிக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். யாருடைய ஆர்டரை ஏற்கலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மாத்திரைச் சீட்டுக்கு உள்ள விதி வேறு, இதற்கு உள்ள விதி வேறு. டெக்சாஸ் லைசென்ஸ் இல்லாமல் ஹோம் ஹெல்த் ஆர்டர் எழுத, வெளிமாநில டாக்டர்களில் எல்லையை ஒட்டிய நான்கு மாநிலத்தாருக்கு மட்டும் டெக்சாஸ் சட்டம் விலக்கு தருகிறது: ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூசியானா, நியூ மெக்சிகோ. ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரம் காரோட்டினால் ஓக்லஹோமா வந்துவிடும். அப்பா அங்கே விழுந்திருந்தால் பிரச்சினையே இல்லை! எல்லையோரக் கிராமத்து ஆட்கள் பக்கத்து மாநில ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள் என்பதற்காக வைத்த விதி என்று நினைக்கிறேன். அதில் நியாயம் உண்டு, எங்களுக்குத்தான் உதவவில்லை.

ஆர்த்தோ டாக்டர் டெக்சாஸ் லைசென்ஸ் வாங்கலாமே என்றார் அண்ணன். ஒரு நோயாளிக்காக யார் வாங்குவார்கள்? ஆகவே உள்ளூரில் ஒரு ப்ரைமரி கேர் டாக்டரை, அதாவது வழக்கமாகப் போய்ப் பார்க்கும் பொது டாக்டரைத் தேடினேன். போன் செய்யும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுவது நல்லது: புதிய மெடிகேர் நோயாளிகளை எடுப்பாரா, ஹோம் ஹெல்த் சான்றில் கையெழுத்துப் போட்டுத் தொடர்ந்து கவனிப்பாரா. இரண்டாவதற்குச் சில இடங்களில் தயங்குகிறார்கள். காகித வேலை அதிகம், அதோடு 60 நாளைக்கு ஒருமுறை சிகிச்சைத் திட்டத்தைப் பார்த்து மறுபடி சான்று தர வேண்டும்.

ஒப்புக்கொண்ட டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சை அறிக்கை, எக்ஸ்ரே, மருந்துப் பட்டியல் எல்லாம் கொண்டுபோனோம். அவர் அப்பாவை நேரில் பார்த்து, நியூ ஜெர்சி ஆர்டரில் இருந்ததையே தன் பெயரில் எழுதினார். அதே ஏஜென்சி உடனே எடுத்துக்கொண்டது. அதற்கு முன் ஒரு முடிச்சு: நியூ ஜெர்சியில் வந்துகொண்டிருந்த ஏஜென்சி கணக்கை முடிக்காமல் வைத்திருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு ஏஜென்சிகள் மெடிகேரில் பில் போட முடியாது. அண்ணன் போனில் நின்று அதை முடிக்க வைத்தார்.

தெரபிக்கு நாங்கள் பணம் கட்டவில்லை. வாக்கருக்கு மட்டும் 20 சதவீதம் எங்கள் பங்கு. இது சாதாரண மெடிகேரில். தனியார் கம்பெனி வழியாக மெடிகேர் பெறும் அட்வான்டேஜ் பிளான் வைத்திருப்பவர்கள் ஊர் மாறினால் நெட்வொர்க் (அந்தப் பிளானில் சேர்ந்த டாக்டர்கள், ஏஜென்சிகள்) என்று இன்னொரு சிக்கல் இருக்கிறது, முதலில் பிளான்காரர்களிடம் கேளுங்கள். சமையலுக்கோ நாள் முழுக்கத் துணைக்கோ ஆள் வருவார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். "நர்ஸ் வந்து இட்லி ஊற்றித் தருவாளா?" என்று அப்பா கேட்டதைத் தெரபிஸ்டுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் கோயிலுக்குப் போகலாமா என்று அவர் கேட்டதை மொழிபெயர்த்தேன். வழிபாட்டுக்காக வெளியே போவதை மெடிகேர் விதி அனுமதிக்கிறது, அதனால் வீட்டோடு இருப்பவர் என்ற தகுதி போய்விடாது என்றார் தெரபிஸ்ட். அந்தச் சனிக்கிழமையே வாக்கரோடு இங்குள்ள ஹனுமான் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார் அப்பா.