முதல் ஜூனியர் ஹைஸ்கூல் எங்க கொலம்பஸ்லதான்

அமெரிக்காவுல ஓஹியோ மாநிலத்துல கொலம்பஸ்ல இருக்கிற நம்மாளுங்க கிட்ட ஃபுட்பால் நடக்கிற ஓஹியோ ஸ்டேடியம் எங்கன்னு கேட்டா தூக்கத்துலயும் வழி சொல்லுவாங்க, ஆனா அதே ஏரியாவுல ஈஸ்ட் 19வது அவென்யூல நிக்கிற இண்டியனோலா ஸ்கூல்னு சொன்னா முழிப்பாங்க. இத்தனைக்கும் ரெண்டுக்கும் ஆர்க்கிடெக்ட் ஒரே ஆளு, ஹோவர்ட் ட்வைட் ஸ்மித்.

அமெரிக்காவோட முதல் ஜூனியர் ஹைஸ்கூல், அதாவது ஏழு, எட்டு, ஒன்பதாவதுக்குன்னே ஒரு ஸ்கூல், இதுதாங்க. 1909 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, அப்போ 16வது அவென்யூல வேற பில்டிங், இப்ப இருக்கிறது 1929ல கட்டினது. கலிஃபோர்னியால பெர்க்லிக்காரங்க நாங்கதான் ஃபர்ஸ்ட்டும்பாங்க, அவங்க தொடங்கினது 1910 ஜனவரி, காலண்டரைப் பாத்துக்கோங்க!

அந்தக் காலத்துல எட்டு வருஷம் கீழ்ப்பள்ளி, அப்புறம் நாலு வருஷம் ஹைஸ்கூல். எட்டாவது முடிஞ்சதும் படிப்பு முடிஞ்சுதுன்னு பசங்க வேலைக்குக் கிளம்பிடுவாங்க, மேல போனவங்கள்லயும் நிறைய பேர் ஒன்பதாவதுலயே நின்னுடுவாங்க. ஏழாவதுலேர்ந்தே ஹைஸ்கூல் படிப்பை ஆரம்பிக்கணும்னு 1890கள்லயே பெரிய பெரிய ப்ரொஃபஸர்லாம் கமிட்டி போட்டு எழுதி வச்சாங்க, எழுதினதோட சரி. கொலம்பஸ் ஸ்கூல்களுக்கெல்லாம் அப்ப தலைவரா, சூப்பரின்டென்டென்ட்டா இருந்தவர் ஜேக்கப் ஷாவன், அவர் காலத்துலதான் ஒன்பதாவதை ஹைஸ்கூல்லேர்ந்து பிச்சு எடுத்து ஏழு எட்டோட சேர்த்து ஒரே ஸ்கூல் ஆக்கினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது, ஏன்னா எட்டாவது முடிக்கிற பையன் டிசி வாங்க வேணாம், புது ஸ்கூல் தேட வேணாம், அதே வாசல் அதே கூட்டாளிங்க, நிக்கலாமா போலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள ஒன்பதாவது பெஞ்சுல உக்காந்திருப்பான். நம்மூர்ல எட்டாவதோட முடியிற நடுநிலைப் பள்ளில படிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும், ஒன்பதாவதுக்கு அடுத்த ஊருக்கு பஸ் ஏறணும்னதும் எங்க செட்ல பொண்ணுங்க பல பேரை வீட்ல நிறுத்திட்டாங்க.

ஊர் ஊரா இதைக் காப்பியடிச்சாங்க, ஆறு வருஷம் கீழ்ப்பள்ளி, மூணு வருஷம் ஜூனியர் ஹைஸ்கூல், மூணு வருஷம் ஹைஸ்கூல், 6-3-3ன்னு நாடு முழுக்கப் பரவுச்சு. அப்புறம் 1960கள்லேர்ந்து மிடில் ஸ்கூல் மோகம் வந்து 6, 7, 8ன்னு மாத்திட்டு ஒன்பதாவதை மறுபடி ஹைஸ்கூல்லயே கொண்டு போய் விட்டுட்டாங்க, கொலம்பஸும் சேர்த்துதான். என்ன ஆச்சு? இன்னிக்கும் இந்த நாட்டுல பசங்க அதிகமா தடுக்கி விழுற வகுப்பு ஒன்பதாவது, அதனால சில ஊர்ல ஒன்பதாவதுக்கு மட்டும் தனி பில்டிங் கட்டி அகாடமின்னு போர்டு மாட்டிக்கிட்டு இருக்காங்க.