பாப் பிரவுன் ‘எதிர்’ என்று வாக்களித்த நாள்

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சியின் பழைய உறுப்பினர். பசுமைக் கட்சியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு தேதியைச் சொல்லி என் வாயை அடைத்துவிடுவார்: 2009 டிசம்பர் 2. தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த, கார்பன் உமிழ்வுக்கு விலை வைக்கும் மசோதா அன்று நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் தோற்றது. அதைத் தோற்கடித்தவர்களின் பட்டியலில், பருவநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை என்று பேசித் திரிந்த உறுப்பினர்களின் பெயர்களோடு, பசுமைக் கட்சித் தலைவர் பாப் பிரவுனின் பெயரும் இருக்கிறது. “உங்கள் ஆள் டோனி அபாட்டோடு சேர்ந்து வாக்களித்தவர்தானே” என்பார். அபாட் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த, பழமைவாத லிபரல் கட்சியின் தலைவர். பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் மறுக்க முடியாது. சென்ற மாதம் கிடைத்த விடுப்பில் பழைய அவைக்குறிப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த ஒரு வாக்கைப் புரிந்துகொள்வதற்காகவே அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதையும் திரும்பப் படித்தேன்.

பிரவுன் அடிப்படையில் மருத்துவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஓபரானில் 1944ஆம் ஆண்டு பிறந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் டாஸ்மேனியாவின் லான்செஸ்டனுக்கு மருத்துவம் பார்க்கப் போனவர். பெட்டர் ஏரியை நீர்மின் திட்டத்திற்காக மூழ்கடித்த காலம் அது. அந்த இழப்பின் கோபத்தில்தான் 1972இல் உலகின் முதல் பசுமைக் கட்சி என்று பலரும் குறிப்பிடும் ஐக்கிய டாஸ்மேனியக் குழு தோன்றியது. 1976இல் ஃபிராங்க்ளின் ஆற்றில் ரப்பர் படகில் போனவர், அங்கேயும் அணை வரப்போகிறது என்று அறிந்ததும் மருத்துவத்தை விட்டுவிட்டு இயக்க வேலையில் இறங்கினார். 1982 டிசம்பரில் தொடங்கிய அணை மறியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்; ரிஸ்டன் சிறையில் 19 நாட்கள் இருந்த பிரவுன், வெளியே வந்த கையோடு மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்.

அதெப்படி என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. டாஸ்மேனியாவில் ஒரு உறுப்பினர் விலகினால் இடைத்தேர்தல் கிடையாது. விலகியவரைத் தேர்ந்தெடுத்த வாக்குச்சீட்டுகளையே மறுபடி எடுத்து, அவற்றில் அடுத்த விருப்பம் யாருக்குப் போயிருக்கிறது என்று எண்ணுவார்கள். அணைப் பிரச்சினையில் வெறுத்துப்போய் நார்ம் சாண்டர்ஸ் என்ற உறுப்பினர் பதவி விலகினார். முந்தைய தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றிருந்த பிரவுனுக்கு அந்த எண்ணிக்கையில் இடம் கிடைத்தது. அந்த அணையை நிறுத்தியது அவருடைய வாக்கு அல்ல. 1983 மார்ச்சில் ஆட்சிக்கு வந்த பாப் ஹாக்கின் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும், அந்தச் சட்டம் செல்லும் என்று அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி நான்குக்கு மூன்று என்ற கணக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும்தான் நிறுத்தின. ஒரு நீதிபதி மாறியிருந்தால் ஃபிராங்க்ளின் இன்று நீர்த்தேக்கமாக இருந்திருக்கும்.

வாக்குக்கு விலை உண்டு என்பதை அவர் கற்றது 1989இல். முப்பத்தைந்து பேர் கொண்ட சட்டமன்றத்தில் லிபரல்களுக்கு 17, தொழிற்கட்சிக்கு 13, பிரவுன் உள்ளிட்ட பசுமைச் சுயேச்சைகளுக்கு 5 என்று வந்தபோது, தொழிற்கட்சி ஆட்சியமைக்க ஆதரவு தந்து அதற்கு ஈடாக ஓர் உடன்படிக்கை எழுதி வாங்கினார்கள். உலகப் பாரம்பரியக் காட்டுப்பகுதி பெரிதாக விரிந்தது அப்படித்தான். மறு ஆண்டே, ஏற்றுமதிக்கான மரச்சில்லு அளவில் அரசு சொன்ன சொல்லை மீறியது என்று அந்த உடன்படிக்கை முறிந்தது. 2009ஐப் பற்றிப் பேசும் யாரும் இந்த 1989ஐச் சொல்வதில்லை. பேரம் பேசத் தெரியாத ஆள், கொள்கைப் பிடிவாதக்காரர் என்ற படிமம் அவ்வளவு வலுவாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

1996இல் அவர் செனட்டுக்கு வந்தார். செனட்டில் 76 பேர். பிரிவு வாக்கெடுப்பு கேட்கப்பட்டால் நான்கு நிமிடம் மணி ஒலிக்கும். அலுவலக அறைகளிலிருந்து உறுப்பினர்கள் ஓடிவருவார்கள். மணி நின்றதும் கதவுகள் பூட்டப்படும். ஆதரிப்பவர்கள் அவைத் தலைவரின் வலப்பக்கமும் எதிர்ப்பவர்கள் இடப்பக்கமும் போய் உட்கார்வார்கள். அந்தப் பல ஆண்டுகளின் பதிவுகளைப் புரட்டினால், ஒரு பக்கத்தில் ஒருவரோ இருவரோ, எதிர்ப்பக்கத்தில் இரு பெரிய கட்சிகளும் என்ற காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. உறுப்பினர்களின் வாக்குகளைத் தொகுத்து, ‘சுற்றுச்சூழலுக்கு இத்தனை விழுக்காடு ஆதரவு’ என்று மதிப்பெண் போடும் பட்டியல்களை நான் அதனால்தான் பெரிதாக நம்புவதில்லை. தோற்கப்போவது உறுதியான வாக்கெடுப்பில் நல்ல பக்கம் உட்கார்வது எளிது. வாக்கு முடிவை மாற்றும் நாளில் ஒருவர் எங்கே உட்கார்ந்தார் என்பதுதான் கேள்வி, அந்த வகையில் என் நண்பர் சரியான நாளைத்தான் பிடித்திருக்கிறார்.

பிரதமர் கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி அரசின் அந்த மசோதா, 2020க்குள் உமிழ்வை 2000ஆம் ஆண்டு அளவிலிருந்து 5 விழுக்காடு குறைப்பதாக உறுதி சொன்னது. மற்ற நாடுகளும் சேர்ந்தால் 15, மிகச் சிறந்த உலக உடன்பாடு வந்தால் 25. ஏற்றுமதிப் போட்டியில் இருக்கும் பெரும் உமிழ்வுத் தொழில்களுக்கு, புகைவிடுவதற்கு வாங்க வேண்டிய உரிமங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இலவசம். நாடு மொத்தம் எவ்வளவு உமிழலாம் என்ற உச்சவரம்பை முன்கூட்டியே கட்டிவைத்துவிட்டதால், ஒரு வீட்டுக்காரர் கைக்காசு போட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்தால், அவர் மிச்சப்படுத்திய அளவுக்கு ஏதோ ஓர் ஆலை கூடுதலாகப் புகைவிட இடம் கிடைக்கும், நாட்டின் மொத்தக் கணக்கு குறையாது என்ற கண்டனமும் அப்போது எழுந்தது. பசுமைக் கட்சி கேட்டது 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து 25 முதல் 40 விழுக்காடு. தாழ்ந்த இலக்கைச் சட்டத்தில் பூட்டிவிட்டால் பிறகு உயர்த்தும்போது தொழில்களுக்கு நட்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம்.

ஆகஸ்ட் 13ஆம் தேதி மசோதா முதன்முறை 30க்கு 42 என்று தோற்றது. அதற்குப் பிறகு அரசு பேசப் போனது பசுமைக் கட்சியோடு அல்ல, மால்கம் டர்ன்புல் தலைமையிலிருந்த எதிர்க்கட்சியோடு. அந்தப் பேச்சில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் மின் நிலையங்களுக்கும் சலுகை இன்னும் கூடியது. வேளாண்மை விதிவிலக்கானது. அந்த உடன்பாட்டின் சூட்டில் லிபரல் கட்சியே வெடித்து, டிசம்பர் 1ஆம் தேதி காலை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 42க்கு 41, டர்ன்புல்லைத் தள்ளி அபாட் தலைவரானார். மறுநாள் வாக்கெடுப்பு: ஆதரவு 33, எதிர்ப்பு 41. லிபரல் கட்சியின் ஜூடித் ட்ரோத், சூ பாய்ஸ் ஆகிய இரு பெண் உறுப்பினர்கள் தம் கட்சியை மீறி அரசின் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பசுமைக் கட்சியின் ஐந்து பேர் எதிர்ப்பக்கம்.

இந்த இடத்தில் நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்த ஐந்தை இடம் மாற்றினால் ஆதரவு 38, எதிர்ப்பு 36. மசோதா நிறைவேறியிருக்கும். கணக்கைப் பொறுத்தவரை என் நண்பர் சொல்வது முழுக்க உண்மை. பசுமைக் கட்சியின் ஆதரவு உறுதியாகி வாக்கு முடிவையே மாற்றும் என்ற நிலை வந்திருந்தால் அந்த இரு லிபரல்களும் கட்சியின் அழுத்தத்தைத் தாங்கி நின்றிருப்பார்களா என்பதை அவைக்குறிப்பு சொல்லாது.

ஆகஸ்டில் எதிர்த்தது சரி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. டிசம்பரில் எதிர்த்ததைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. மசோதா ஆகஸ்டைவிட மோசமாகியிருந்தது என்பது ஒருபுறம். அபாட் வந்த பிறகு இதைவிட நல்லது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது மறுபுறம். ஆனால் ஒரு ஆண்டு முழுவதும் ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பேசாமல் எதிர்க்கட்சியின் பின்னால் போன அரசு, தோற்ற பிறகு பழியை மட்டும் அந்த ஐவர் தலையில் இறக்கிவைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். 2010 ஏப்ரலில் ரட் தாமே அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டார். தேர்தலைச் சந்தித்து மறுபடி கொண்டுவந்திருக்கலாம், கொண்டுவரவில்லை.

பிறகு வந்த தொங்கு நாடாளுமன்றத்தில் பிரவுனுக்கு 1989 திரும்பக் கிடைத்தது. 2010 செப்டம்பர் 1ஆம் தேதி தொழிற்கட்சிப் பிரதமர் ஜூலியா கில்லார்டோடு அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து பிறந்த பலகட்சிக் குழு கார்பனுக்கு விலை வைக்கும் ஒரு சட்டத்தை வடித்தது. 2011 நவம்பர் 8ஆம் தேதி 36க்கு 32 என்று அது செனட்டில் நிறைவேறியது. டன்னுக்கு 23 டாலர் விலை. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பேரத்தில் கூடவே வந்த இரண்டு அமைப்புகள்: 1,000 கோடி டாலர் கொண்ட தூய எரிசக்தி நிதிக் கழகமும், புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையும். 2009 மசோதாவில் இவை கிடையாது.

விலை 2012 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே பிரவுன் செனட்டிலிருந்து விலகியிருந்தார். பிரதமராகிவிட்ட அபாட் 2014 ஜூலை 17ஆம் தேதி 39க்கு 32 என்று அந்த விலையை நீக்கினார். நிதிக் கழகத்தையும் முகமையையும் மூட அவர் எடுத்த முயற்சி செனட்டில் பலிக்கவில்லை, இரண்டும் இன்றும் இயங்குகின்றன. ‘அந்த ஆண்டுகள் வீணாயின’ என்று நண்பர் சொல்வார். 2009இலேயே நிறைவேறியிருந்தால் அபாட்டின் கையில் அந்தப் பழைய திட்டம் மட்டும் பிழைத்திருக்குமா என்று நான் கேட்பேன். இருவருக்கும் நிரூபிக்க ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நண்பரிடம் விளக்கி முடித்த அன்று மாலை அவர் ஒரு பழைய செய்தியை அனுப்பினார். டாஸ்மேனியாவின் வடமேற்கே ராபின்ஸ் தீவில் வரவிருந்த பெரிய காற்றாலைத் திட்டத்தை, பறவைகளையும் நிலக்காட்சியையும் காரணம் காட்டி 2019இல் பிரவுன் எதிர்த்த செய்தி. கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: “இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பீர்களே?” ஆரஞ்சு வயிற்றுக் கிளி வலசை போகும் பாதையைப் பற்றி இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.