மாரி உண்ணாதிருந்த 41 நாட்கள்

சென்ற நவம்பர் 9-ஆம் தேதி இரவு ஒரு மண்புழுவை விழுங்கிய பிறகு, எங்கள் வீட்டுக் கொம்புத் தவளை டிசம்பர் 20-ஆம் தேதி வரை எந்த இரைக்கும் வாயைத் திறக்கவேயில்லை. தன் முன்னால் அசைகிற எதையும், அது தன் உடலில் பாதியளவு இருந்தாலும், ஒரே பாய்ச்சலில் கவ்விக்கொள்ளும் உயிரினம் இது. உடலைவிட வாயே பெரிதாகத் தெரிவதால்தான் பழைய வீடியோ விளையாட்டின் பெயரைச் சூட்டி இதைப் பேக்மேன் தவளை என்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்று இடுக்கியின் நுனியில் நெளியும் புழுவைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டபோது, எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் அது இறந்துகொண்டிருக்கிறது என்பதுதான்.

மாரி கிரான்வெல் இனத்தைச் சேர்ந்த பெண் தவளை. கட்டைவிரல் நுனியளவுக் குஞ்சாக வந்து, நான்கு ஆண்டுகளில் 11 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. பண்ணையில் பிறந்து கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் கூடத்தின் மூலையில் வளர்ந்தாலும், அதன் உடலுக்குள் இருப்பது அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் பரந்து கிடக்கும் கிரான் சாக்கோ சமவெளியின் பருவங்கள். அங்கே கோடையில் மழை கொட்டும், குட்டைகள் நிறையும், தவளைகள் அந்தச் சில மாதங்களில் உண்டு, கூவி, முட்டையிட்டு, கொழுத்துவிடும். பிறகு குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும்போது மண்ணைப் பின்னங்கால்களால் தோண்டி உள்ளே இறங்கி, தன் தோலின் மேலடுக்குகளை உரித்து எறியாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு, நீர் வெளியேறாத ஓர் உறைக்குள் அடங்கிக் கிடக்கும். அடுத்த மழை மண்ணை நனைத்ததும் அந்த உறையைக் கிழித்து, அதையே முதல் உணவாகத் தின்றுவிட்டு மேலே வரும். மாதக்கணக்கில் உண்ணாதிருப்பது இதற்கு நோயல்ல, உயிர் பிழைக்கும் வழி என்பதை நான் முன்பே படித்திருந்தேன். படித்ததும் கண்ணெதிரே நடப்பதும் ஒன்றுதான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபர் இறுதியில் வீட்டில் வெப்பமூட்டியை இயக்கத் தொடங்கினோம். கனடாவில் குளிர்காலம் கழித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காற்று உதட்டையே வெடிக்கச் செய்யும். தொட்டிக்குள் 70 சதவீதத்துக்கு மேல் இருந்த ஈரப்பதம், வலை மூடி வழியே கசிந்து, 40-க்கும் கீழே இறங்கியிருந்தது. இலங்கையிலிருந்து வந்த தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து நிரப்பிய தரை மேலே பொடியாகவும் அடியில் மட்டும் ஈரமாகவும் இருந்தது. தொட்டி வெளிச்சுவரை ஒட்டி இருந்ததால் இரவில் வெப்பம் 18 பாகைக்கு இறங்கியதை, வெப்பத்தையும் குறிக்கும் ஈரப்பதமானியின் பதிவில் பிறகுதான் பார்த்தேன். வறட்சியும் குளிரும் ஒருசேர வந்துவிட்டன. மாரி தனக்குத் தெரிந்ததைச் செய்தது: மண்ணுக்குள் இறங்கி, மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.

நானோ புழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன், மண்ணைப் பார்க்கவில்லை. மண்புழுவை மறுத்ததும் சுவர்க்கோழி, பிறகு பட்டுப்புழு, பிறகு டூபியா கரப்பான் என்று மாற்றி மாற்றி நீட்டினேன். சாப்பிடாத பிள்ளையின் முன்னால் வெவ்வேறு கறியோடு தட்டைக் கொண்டுவந்து வைக்கும் என் அம்மம்மாவின் பதற்றம் அப்படியே என்னிடம் இருந்தது. நண்பர் ஒருவர் வாயைத் திறந்து உள்ளே வைத்துவிடச் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை என்பதில் எனக்கு ஆறுதல். வலுக்கட்டாயமாகத் திறந்தால் தாடை எலும்பு முறியக்கூடும். அதைவிட முக்கியமாக, குளிர்ந்த உடலில் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடுவதால் உள்ளே போன இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். உண்ண மறுக்கும் தவளைக்கு முதலில் தேவை வெப்பமும் ஈரமும். உணவு அதற்குப் பிறகுதான்.

என் கலக்கத்தைத் தணித்தது சமையலறைத் தராசு. அக்டோபரில் 268 கிராம் இருந்த மாரி, 3 வாரம் உண்ணாத பிறகும் 261 கிராம் இருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன, தோல் தளரவில்லை, வயிற்றை மெல்லத் தொட்டால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. அயல் விலங்குகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோனேன். சேமித்து வைத்திருந்த கழிவைப் பரிசோதித்து, ஒட்டுண்ணி இல்லை, அடைப்பும் இல்லை, தொட்டியைச் சரிசெய்யுங்கள் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எடையைக் குறித்துவைக்கிறேன். எத்தனை நாள் உண்ணவில்லை என்ற எண்ணிக்கையைவிட எடை எவ்வளவு குறைந்தது என்பதே பேசுகிறது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்கக் கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை.

உண்ணாமை எல்லாம் இப்படி அமைதியானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தொடையிலும் வயிற்றின் அடியிலும் சிவப்பு படர்ந்தால் அது இரத்தத்தில் பரவும் பாக்டீரியத் தொற்றாக இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. வயிறு கல்லாக உப்பியிருந்தால் சரளையோ பாசியோ உள்ளே போய் அடைத்திருக்கலாம். இந்தத் தவளையின் நாக்கு தன் உடல் எடையைவிட அதிகமான விசையோடு ஒட்டிக்கொள்ளும் என்று 2014-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அப்படிப்பட்ட நாக்கு, இரையோடு கீழே கிடப்பதையும் அள்ளிக்கொண்டு வருவதில் வியப்பில்லை. அதனால்தான் தொட்டியில் சரளை போடக் கூடாது என்கிறேன். இன்னொன்று, எளிதில் தவறவிடக்கூடியது: தவளை இரையை நோக்கிப் பாய்கிறது, ஆனால் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறது. அதற்குப் பசி இருக்கிறது; உயிர்ச்சத்து ஏ குறைவால் நாக்கின் பசைத்தன்மை கெட்டிருக்கலாம், அல்லது கால்சியம் குறைந்து தாடை மென்மையாகியிருக்கலாம். பசியில்லாத தவளையையும் பசித்தும் உண்ண முடியாத தவளையையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

தோல் உரிக்கும் நாட்களிலும், தொட்டி மாற்றிய வாரத்திலும், ஆண் தவளை கூவும் பருவத்திலும் பசி குறைவது இயல்பு. அழுக்கான மண்ணில் சேரும் அம்மோனியாவைத் தோல் வழியே உறிஞ்சியும் தவளை சோர்ந்துபோகும். ஆகவே கழிவைக் கண்ட அன்றே எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவு சொல்லும்போது, முதல் இரண்டு ஆண்டுகளில் நான் செய்த தவறையும் மறைக்க மனமில்லை. குஞ்சாக இருந்தபோது இரண்டு நாளைக்கொரு முறை தேவைப்பட்ட உணவை, வளர்ந்த பிறகும் அதே வேகத்தில் கொடுத்தேன். வாரம் ஒரு சுண்டெலியும் சேர்த்தேன். ஒன்றரை வயதையொட்டி வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் தானாகவே குறையும். ஆனால் வாய் மட்டும் குறையாது. பதுங்கிக் காத்திருந்து பிடிக்கும் விலங்குக்கு அசைவதைக் கவ்வுவது அனிச்சை. அதைப் பசி என்று நான் எடுத்துக்கொண்டேன். கொழுப்பு மிகுந்த உணவு தொடர்ந்தால் இவற்றின் கண்ணில் வெண்மையாகக் கொழுப்பு படியும், ஈரல் கெடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது எட்டு முதல் பத்து நாளைக்கொரு முறை, கால்சியம் பொடி தூவிய ஒன்றிரண்டு மண்புழுக்கள்தான்.

டிசம்பர் முதல் வாரத்தில் தொட்டியை உட்சுவருக்கு மாற்றினேன். வலை மூடியின் முக்கால் பங்கைக் கண்ணாடியால் மூடி, பக்கவாட்டில் ஒட்டிய வெப்பத் தகட்டைத் தெர்மோஸ்டாட்டில் இணைத்து, பகலில் 27 பாகையும் இரவில் 23 பாகையும் இருக்கச் செய்தேன். குளோரின் நீக்கிய வெதுவெதுப்பான நீரை, மழை இறங்குவதுபோல, மண் முழுக்க ஊறும்வரை மூன்று மாலைகள் தெளித்தேன். பத்து நாளுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. 19-ஆம் தேதி காலை மண் பிளந்திருந்தது. மாரி மேலே வந்து, முதுகை வளைத்து, வாயை அகலத் திறந்து திறந்து, தன் தோலை உரித்து விழுங்கிக்கொண்டிருந்தது. அன்று எதுவும் கொடுக்கவில்லை. மறுநாள் இரவு ஒரு சிறிய மண்புழுவை இடுக்கியில் நீட்டினேன். இடுக்கியோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. இரண்டாவது புழுவுக்கும் அது தயாராகத்தான் நின்றது. 41 நாள் வெறும் வயிறு என்பதால் டப்பாவை மூடிவிட்டு, தராசில் வைத்து, 256 கிராம் என்று எழுதிக்கொண்டேன்.