கண் பட்டுவிடக் கூடாது: நியூமார்க்கெட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

வீடு வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. தூக்கம் வரவில்லை. ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவான ஒரு ரேஸைச் செல்போனில் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு வயதுக் குதிரை. பிறந்ததிலிருந்து அதற்கு இதுதான் முதல் பந்தயம். இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில், ஜூலை கோர்ஸ் மைதானத்தில், என் கண்ணெதிரே, மற்ற குதிரைகள் நின்றுவிட்டனவோ என்று தோன்றும்படி வந்து ஜெயித்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். ஜெயித்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் ‘அடுத்த ஃபிராங்கெல்’ என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஃபிராங்கெல் என்பது ஒருமுறைகூடத் தோற்காத குதிரை. கண் பட்டுவிடும்.

ரயில், டிக்கெட், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதித் தருவதாக லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மச்சானிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வரிசை எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

மச்சான் வீட்டில் தங்கியதால் அறை வாடகை மிச்சம். அந்தத் தைரியத்தில்தான் இந்தச் செலவே. “குதிரையைப் பார்க்க அஞ்சாயிரம் ரூபாயா மாப்ள? உங்க பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையில்ல கேப்பாரு” என்றார். எங்கள் வீட்டில் ரேஸ் என்பது ஒரு வசவு. கிண்டிக்குப் போய் வீட்டை விற்றவர்கள் கதையைப் பெரியப்பா சொல்லாத தீபாவளி கிடையாது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்து 1974-இல் சட்டம் வந்ததும், இது சூதாட்டம் அல்ல, திறமையின் ஆட்டம் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவருக்குத் தெரியும். சட்டத்தை மதிக்கிறார். தீர்ப்பைத்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சரி, வழி. லண்டன் கிங்ஸ் கிராஸில் ஏறி கேம்பிரிட்ஜ், அங்கே மாறி நியூமார்க்கெட். இரண்டாவது ரயில் மணிக்கு ஒன்றுதான். நான் போன நேரத்தில் அந்த ஒன்றையும் ரத்து செய்தார்கள். காரணம், ஓட்ட ஆள் இல்லையாம். கேம்பிரிட்ஜ் நடைமேடையில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தேன். விடியற்காலையில் எழுந்து வந்ததே குதிரைகளின் அதிகாலைப் பயிற்சியைப் பார்க்கத்தான். அதில் பாதி அங்கேயே போனது. இந்த ஊர் ரயில் கட்டணத்துக்கு நம் ஊரில் ஏசி வகுப்பில் டெல்லி போய் வரலாம். ஆள் இல்லை என்று அறிவிக்கிற குரலில் மட்டும் மரியாதை சொட்டுகிறது.

நியூமார்க்கெட் ஸ்டேஷன் என்பது ஒற்றை நடைமேடையும் ஒரு நிழற்குடையும்தான். அதிலிருந்து, குதிரைகள் பயிற்சி செய்யும் புல்மேடான வாரன் ஹில் வரை நடந்தேன். வழியில் ஒரு கடையில் நியூமார்க்கெட் சாசேஜ் வைத்த பன் வாங்கினேன். இந்தப் பயணத்தின் நல்ல சாப்பாடு அதுதான். வெளியே முறுமுறுவென்று வெந்து, உள்ளே மிளகு தூக்கலாக, கடித்ததும் கொழுப்பு மணிக்கட்டு வரை வழிந்தது. இந்த ஊர்ப் பெயர் சொல்லி வேறெங்கும் இதைச் செய்து விற்க முடியாதபடி புவிசார் பாதுகாப்பு வாங்கி வைத்திருக்கிறார்கள். வாங்கட்டும், தகும். இன்னொன்று வாங்கலாமா என்று யோசித்து, ரூபாயில் கணக்குப் போட்டு, வாங்காமல் நடந்தேன்.

வாரன் ஹில்லுக்குக் காசு கிடையாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். ஊரில் ஏறக்குறைய 3,000 பந்தயக் குதிரைகள் பயிற்சியில் இருக்கின்றன. காலையில் அவை வரிசை வரிசையாகத் தெருவைக் கடக்கும். கார்கள் நின்று வழிவிடும். சாலையைக் கடக்கும் இடத்தில் பொத்தான் இரண்டு உயரத்தில் இருக்கிறது: ஒன்று நடப்பவருக்கு, ஒன்று சேணத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. மதியம் ஒரு மணி வரை அந்தப் புல்மேடு குதிரைகளுக்கு மட்டும்தான், நாம் ஓரத்தில் நிற்கலாம். கீழிருந்து இரண்டு இரண்டாக மேடேறி வரும்போது முதலில் கேட்பது குளம்புச் சத்தம் இல்லை, மூச்சு. ஒவ்வொரு தாவலுக்கும் மூக்கிலிருந்து ஒரு சீறல். சேணத்தில் இருந்த ஒரு பெண், பக்கத்துக் குதிரையில் வந்தவரிடம் நேற்றிரவுச் சண்டை ஒன்றைச் சொல்லிக்கொண்டே போனார். மணிக்கு முப்பது மைல் வேகத்தில் புறணி.

மேட்டின் உச்சியில் இருக்கிறது வாரன் பிளேஸ். ஹென்றி செசிலின் லாயமாக இருந்தது அதுதான். பத்து முறை சாம்பியன் பயிற்சியாளராக இருந்தவர். 2000-க்குப் பிறகு சரிந்து, லாயம் காலியாகி, ஆள் முடிந்தார் என்று எழுதிவிட்டார்கள். கூடவே புற்றுநோய். அந்த நிலையிலும் அவரிடம் குதிரைகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சவுதி இளவரசர் காலித் அப்துல்லா. அவர் அனுப்பிய குட்டிகளில் ஒன்றுதான் ஃபிராங்கெல்.

நடுவில் மியூசியம் போனேன். நன்றாக இருந்தது. மதியம் முழுக்கக் கால் வலி.

ஜூலை கோர்ஸ் ஊருக்கு வெளியே. போகும்போது நடந்துவிட்டேன். கோடையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ரேஸ் முடிந்ததும் பாட்டுக் கச்சேரி உண்டு, டிக்கெட் இரண்டுக்கும் சேர்த்துத்தான். நாற்பது பவுண்டுக்கு மேல். கூட்டத்தில் பாதிக்கு மேல் பாட்டுக்காக வந்தவர்கள். பளபளவென்று உடுத்தி, ரேஸ் நடக்கும் பக்கம் முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருந்தார்கள். இது ஒரு விதத்தில் நல்லது, ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடக்கில் இடம் தாராளமாகக் கிடைத்தது. கூரை வேய்ந்த சிறு கட்டடங்கள், பெரிய மரங்கள், நிழலில் வட்டமாகச் சுற்றிவரும் குதிரைகள். உலகத்தில் இதைவிட அழகான பேடக் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.

நான் காத்திருந்தது மெய்டன் ரேஸுக்கு. இதுவரை ஒருமுறைகூட ஜெயிக்காத குதிரைகள் ஓடுவது. இரண்டு வயதுக்காரர்கள் என்றால் பலதுக்கும் அது முதல் ஓட்டம். பெரிய பந்தயங்களுக்கு டிக்கெட் எடுத்துக் காசை அழிக்காதீர்கள். அதில் ஓடும் எல்லாக் குதிரையின் ஜாதகமும் முன்பே பேப்பரில் வந்துவிடும். மெய்டனில் அப்பா பெயர், அம்மா பெயர், பயிற்சியாளர் பெயர் தவிர ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதையெல்லாம் நாமே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்த்தேன். முக்கால்வாசிக் குட்டிகள் முதல்முறை சந்தைக்கு ஓட்டிவந்த காளை மாதிரி மிரண்டன. ஒன்று குடையைக் கண்டு பக்கவாட்டில் துள்ளியது. ஒன்று விடாமல் கனைத்தது. ஒன்றுக்குப் பின்னங்கால் இடுக்கில் வியர்வை சோப்பு நுரையாகத் திரண்டிருந்தது. ஓடும் முன்னே பாதி பலம் அங்கேயே போயிற்று. நம்ம ஆள், செம்பழுப்பு, கழுத்தைத் தாழ்த்தி நீள நீளமாக எட்டு வைத்து நடந்தது. பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுந்தது. பிடித்து நடத்திய லாயத்துப் பெண்ணின் சட்டைப் பையை ஒருமுறை முகர்ந்து பார்த்தது, இனிப்பு இருக்கிறதா என்று. அவ்வளவுதான் அதன் கவலை.

பக்கத்தில் நின்ற தொப்பிக்காரப் பெரியவர், ஒரு காலத்தில் லாயத்தில் வேலை பார்த்தவராம், “காலைப் பார்க்காதீங்க, காதைப் பாருங்க” என்றார். அதன் காது இரண்டும் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தன.

ஐந்து பவுண்டு கட்டினேன். எல்லோர் கண்ணிலும் அதுதான் பட்டிருக்கிறது போல, பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் போர்டில் ஒன்றுக்கு ஒன்றுதான் தந்தார்கள்.

தூரம் 7 ஃபர்லாங், அதாவது ஒரு மைலுக்கு ஒரு ஃபர்லாங் குறைவு. ஜூலை கோர்ஸில் ஒரு மைல் வரையிலான பந்தயங்கள் வளைவே இல்லாத நேர்க்கோட்டில் ஓடுவதால், ஆரம்பத்தில் தூரத்தில் வண்ணப் புள்ளிகள்தான் தெரியும். பெட்டியிலிருந்து நம்ம ஆள் தாமதமாகத்தான் வெளியே வந்தது. கதவு திறந்தால் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பாதித் தூரம் வரை கடைசிக்கு முந்தி. என் ஐந்து பவுண்டுக்கு மனத்துக்குள் கும்பிடு போட்டுவிட்டேன். இரண்டு ஃபர்லாங் இருக்கும்போது ஜாக்கி அதை வெளிப்பக்கம் இழுத்தார். இழுத்தார் என்பதுகூட அதிகம், கை லேசாக அசைந்தது. இறக்கத்தில் தடுமாறி ஒருகணம் எந்தக் காலை முன்னே வைப்பது என்று குழம்பியது. கடைசி ஃபர்லாங் ஏற்றம். மற்ற ஜாக்கிகளின் சவுக்குகள் எழுந்த இடம் அது. இதன் ஜாக்கி உட்கார்ந்தபடியே இருந்தார். ஒவ்வொன்றாகத் தாண்டி முன்னே வந்ததும் குதிரை காதை நிமிர்த்திக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தது! ஓடிக்கொண்டே. மூன்று லெங்த், அதாவது மூன்று குதிரை நீளம் வித்தியாசம். எல்லைக்கோட்டைத் தாண்டி நிறுத்தவும் முடியாமல் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. பாட்டுக்கு வந்த கூட்டம்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

‘அடுத்த ஃபிராங்கெல்’ பேச்சு பேடக் திரும்புவதற்குள் தொடங்கிவிட்டது. அதற்கு இடமும் ஒரு காரணம். 2010 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, இதே ஜூலை கோர்ஸில்தான் ஃபிராங்கெல் முதன்முதலாக ஓடியது. வெள்ளியும் பதின்மூன்றும் சேர்ந்தால் இங்கே ஆகாத நாள். நம் காலண்டரில் அது ஆடி வெள்ளி, எனவே நம் கணக்குதான் பலித்தது. முந்தைய ஆண்டு இறந்துபோன அமெரிக்கப் பயிற்சியாளர் பாபி ஃபிராங்கெலின் பெயரைத்தான் இளவரசர் அந்தக் குட்டிக்கு வைத்திருந்தார். ஒரு மைல் மெய்டன், பன்னிரண்டு குதிரைகள், மேலே ஜாக்கி டாம் குவேலி. ஜெயித்தது. எவ்வளவு வித்தியாசத்தில் தெரியுமா? அரை லெங்த்.

என் செம்பழுப்பு நேற்று மூன்று லெங்த். அப்படியானால் இது ஃபிராங்கெலைவிடப் பெரிய குதிரையா? இதைத்தான் தொப்பிக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ரெண்டாவது யாரு வந்தாங்கன்னு கேளுங்க” என்றார்.

2010-இல் அன்றைக்கு இரண்டாவதாக வந்தது நத்தானியல், பயிற்சியாளர் ஜான் காஸ்டனின் குதிரை. அதற்கும் அதுதான் முதல் ஓட்டம். மூன்றாவதாக வந்த குதிரை அதற்கும் ஐந்து லெங்த் பின்னால். பார்த்தவர்களுக்கு அந்த மாலையில் ஒரு நல்ல பந்தயம், அவ்வளவுதான் தெரிந்திருக்கும். 2011-இல் நத்தானியல் ஆஸ்காட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தை ஜெயித்தது, 2012-இல் சாண்டவுனில் எக்லிப்ஸ். பிற்பாடு, பிரான்ஸின் ஆர்க் பந்தயத்தை இரண்டு முறை வென்ற எனேபிள் என்ற குதிரைக்குத் தகப்பன் ஆனது. அந்த நத்தானியலைத்தான் ஒரு இரண்டு வயதுக் குட்டி முதல் நாளே தாண்டியிருக்கிறது. அரை லெங்த்தின் எடை அதற்குப் பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. ஃபிராங்கெல் அடுத்த ஓட்டத்தில் டான்காஸ்டரில் 13 லெங்த், 2011-இல் ‘2000 கினியாஸ்’ என்ற பந்தயத்தில் 6 லெங்த், மொத்தம் 14 ஓட்டம், 14 ஜெயம். 2012 அக்டோபரில் ஆஸ்காட்டில் ஓய்வு. செசில் அடுத்த ஜூனில் காலமானார்.

ஆகவே என் அபிப்பிராயம்: முதல் வெற்றியில் எத்தனை லெங்த் என்பதற்கு மதிப்பே இல்லை. பின்னால் வந்தவை சோப்ளாங்கிகள் என்றால் பத்து லெங்த்தும் வீண். நேற்று என்னைப் பிடித்தது அந்த மூன்று லெங்த் இல்லை. தாமதமாகக் கிளம்பி, இறக்கத்தில் தடுமாறி, கூட்டத்தை வேடிக்கை பார்த்து, இத்தனை தப்பும் செய்துவிட்டு, அடி வாங்காமல் ஜெயித்ததே, அதுதான். கற்றுக்கொள்ள இவ்வளவு பாக்கி இருக்கும்போதே இப்படி! நேற்று இரண்டாவது, மூன்றாவதாக வந்தவற்றின் பெயரையும் செல்போனில் குறித்துக்கொண்டேன். அவை அடுத்து எங்கே ஓடுகின்றன, என்ன செய்கின்றன என்று பார்த்தால் அக்டோபருக்குள் தெரிந்துவிடும். அக்டோபரில் இதே ஊரின் இன்னொரு மைதானத்தில் டியூஹர்ஸ்ட் பந்தயம், நல்ல இரண்டு வயதுக் குதிரைகள் எல்லாம் அங்கே வரும். 2010-இல் ஃபிராங்கெலும் வந்தது, ஜெயித்தது.

செலவுக்கு வருகிறேன். கட்டிய ஐந்து, பத்தாகத் திரும்பியது. லாபம் ஐந்து பவுண்டு. வண்டிக்கடையில் சிப்ஸ் ஆறரை. அதுவும் நமநமவென்று, உப்பில்லாமல். ஜெயித்தும் நஷ்டம் என்பதைப் பெரியப்பாவுக்குச் சொல்லிவிட வேண்டாம்.

கச்சேரிக்கு நிற்கவில்லை, கடைசி ரயில் போய்விடும். வெளியே டாக்ஸி வரிசையில் மீட்டரைக் கைக்குட்டையால் மூடி வைத்திருந்த ஒருவர் ஸ்டேஷனுக்கு முப்பது பவுண்டு கேட்டார். நான் நடந்தே வந்த தூரம்! ரேஸ் நாளென்றால் அப்படித்தானாம். இருட்டில் அந்தச் சாலையில் நடைபாதை இல்லை, வேறு வழியும் இல்லை. வரிசையில் நின்ற மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன், ஆளுக்கு ஏழரை. வழி முழுக்க அவர்கள் நம்ம ஆள் ஒரு மைல் தாங்குமா தாங்காதா என்று சண்டை போட்டார்கள். தாங்கும் என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, தாங்காது, அதன் அம்மா வம்சமே குறைந்த தூரத்துக்காரர்கள் என்றார். முப்பது பவுண்டும் வாங்கிக்கொண்டு எதிர்வாதம் வேறு.