அவர் கேட்ட 15 நிமிடங்கள்

கப்பலின் முதன்மைப் பொறியாளர் அன்றிரவு என்னிடம் கேட்டது 15 நிமிடங்கள் மட்டுமே. நான் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த மறுப்பு சரியா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தன் ஜெனரேட்டர்களை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தில் இயங்க இணைப்புக் கொடுப்பது என் வேலை. அன்று 6.6 கிலோவோல்ட் கேபிளை இறக்கி, அந்த இணைப்புக்கான கரைப் பெட்டியில் செருகியாயிற்று. எங்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கப்பலுக்கு வேண்டிய 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரும் ஆயத்தமாக இருந்தது. பிளக் முழுதாகச் செருகியிருக்கிறதா என்று கண்காணிக்கும் பைலட் சுற்று மட்டும் நிலைகொள்ளவில்லை. பச்சை விளக்கு எரியும், சில நொடிகளில் அணையும். பிளக்கில் பைலட் முனைகள், மின்சாரம் செல்லும் முனைகளைவிடக் குட்டையானவை. செருகும்போது கடைசியாகத் தொட்டு, பிடுங்கும்போது முதலில் விடுபடும். பிளக் சற்று நழுவினாலும், உயர் அழுத்த முனைகள் பிரிவதற்குள் பிரேக்கர் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

முதலில் அவர், “ஜம்பர் போட்டுவிடலாம் தம்பி, பொறுப்பு என்னுடையது” என்றார். பைலட் சுற்றைத் தனிக் கம்பியால் இணைத்து அந்தப் பாதுகாப்பை ஏமாற்றும் வேலை அது. அதை மறுத்ததில் எனக்குத் துளியும் ஐயமில்லை. பிறகு, “சரி, முனைகளைத் துடைத்து மறுபடி சோதிப்போம், 15 நிமிடம் பொறுங்கள்” என்றார். “சோதனை தோற்றுவிட்டது சார், இனி அடுத்த ஷிப்ட்தான்” என்றேன்.

துடைப்பதென்றால் வெறுமனே துணியை எடுத்துத் துடைப்பதல்ல. இரு புறமும் பிரேக்கரைத் திறந்து, பூட்டுப் போட்டு, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்து, வேலைக்கான பெர்மிட் எழுதிய பிறகே பிளக்கைத் தொடலாம். களைத்த கைகளோடு இதில் அவசரப்படுவதும் கூடாது. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட நான் அவரிடம் சொல்லவில்லை. என் பார்வை கடிகாரத்தில் இருந்தது. அதை அவரும் கவனித்திருப்பார். ஷிப்ட் முடிய 40 நிமிடங்கள் இருந்தன.

கப்பலின் டீசல் ஜெனரேட்டர்கள் காலை வரை ஓடின. அவற்றை நிறுத்துவதற்காகவே கட்டப்பட்ட கரைப் பெட்டியின் மூடியில், மறுநாள் நான் கை வைத்தபோது விரல்களில் கரி ஒட்டியது. அடுத்த குழு, ஒரு பைலட் முனையில் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுத்தம் செய்ததும் விளக்கு நிலையாக எரிந்திருக்கிறது. அவர்களுக்கு 50 நிமிடங்கள் பிடித்ததாகப் பதிவேட்டில் இருந்தது. அதைப் படித்ததும், 15 நிமிடங்களில் முடியாது என்று நான் நினைத்தது சரிதான் என முதலில் ஆறுதல் அடைந்தேன். ஆனால் 50 நிமிடங்கள் ஆகும் என்று அவரிடம் சொல்லியிருந்தால், அவர் காத்திருக்க ஒப்புக்கொண்டிருப்பார். ஷிப்ட் முடிந்தும் தங்கியிருக்க வேண்டியவன் நானாக இருந்திருப்பேன்.